ஆறு மணிக்குள் ஒரு சொல்

கம்பெனி கொடுத்த காதுக்கருவி தினமும் காலையில் ஓர் ஆங்கிலச் சொல்லைத் தரும். மாலை ஆறு மணிக்குள் அதை உரிய இடத்தில் பேசிவிட வேண்டும். ஒருநாள் தவறினாலும் பதவி உயர்வு போய்விடும்.

இன்றைய சொல் 'கண்டோலன்ஸ்', அதாவது இரங்கல். தணிகைவேலுக்குத் தெரிந்தவர்கள் யாரும் சாகவில்லை. கடைசியில் ஒரு கண்ணீர் அஞ்சலி சுவரொட்டியில் முகவரியைப் பார்த்து, முன்பின் தெரியாத அந்த வீட்டுக்குப் போனான். அவன் கம்பெனி அட்டையை மாட்டிய நாற்பது பேர் ஏற்கெனவே வரிசையில் நின்றார்கள்.

அவன் முறை வந்ததும் கைகூப்பிச் சொன்னான். காதில் 'டிங்' என்றது.

இறந்தவரின் மனைவி அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்கல்லாம் சொல்றது எனக்குப் புரியல தம்பி. ஆனா அவருக்கு இத்தனை சிநேகிதங்களா! எங்கிட்ட சொல்லவே இல்லியே."

தணிகைவேலுக்குக் கையை எடுக்க மனம் வரவில்லை.

பின்னால் நின்றவர் முதுகைத் தட்டினார். "கொஞ்சம் நகருங்க சார், மணி ஆறாகப் போவுது."