டைரக்டர் நடித்துக் காட்டும் படம்

டேக் ஓகே ஆகிவிட்டது. கதாநாயகிக்குப் பதிலாகப் பதினான்கு படிகளிலும் உருண்டு விழுந்த டூப் பெண், கடைசிப் படியில் உட்கார்ந்து முழங்காலில் ஐஸ் கட்டியை அழுத்திக்கொண்டிருக்கிறாள். சுற்றிய துணியில் ரத்தம் ஊறுகிறது. டைரக்டரோ, ஸ்டில்ஸ் எடுக்கும் என் கேமராவில் தன்னைத் தேடுகிறார். கை நீட்டி உத்தரவிடும் படத்தில் அவர் கண் மூடியிருக்கிறது. "நான் சரியா வரலியே. அவளை இன்னொரு தடவை உருளச் சொல்லு, எடுத்துக்கலாம்." அவள் கைப்பிடியைப் பிடித்து நொண்டி நொண்டி மேலே ஏறுகிறாள். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. "நீ உக்காரும்மா," என்று சொல்லிவிட்டு, கேமராவைக் கண்ணுக்கு உயர்த்துகிறேன். "சார், நீங்களே உருண்டு காட்டுங்க. டைரக்டர் நடிச்சுக் காட்டுற ஸ்டில்தான் எல்லாப் பத்திரிகையும் கேக்குது." யாரும் சிரிக்கவில்லை. அவர் படிகளை அண்ணாந்து பார்க்கிறார். நான் கேமராவைக் கண்ணிலிருந்து இறக்குவதாக இல்லை.