இறங்காத கம்பி விலை

"போன மாசம் கம்பி, இந்த மாசம் சிமெண்ட்டா? அடுத்த மாசம் காத்துக்கும் விலை ஏறிடுச்சுன்னு சொல்லுவீங்களா தம்பி?"

அந்த அம்மா போட்ட சத்தத்தில், பலகை அடித்துக்கொண்டிருந்தவர்கள் சுத்தியலை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

காண்ட்ராக்டர் தலையைச் சொறிந்தார். பாதி எழும்பிய ஒரு கட்டடத்தின் கீழ்த்தளம்தான் இப்போதைக்கு அவருடைய ஆபீஸ். சிமெண்ட் மூட்டைமேல் துண்டை விரித்து அந்த அம்மாவையும், அவர் கணவரான ரிட்டையர்டு போஸ்ட் மாஸ்டரையும் உட்கார வைத்திருந்தார்.

அவர்கள் வீட்டைக் கட்டியவர் இவர்தான். பின்னால் மாடி எடுக்கலாம் என்று மொட்டைமாடியில் தூண் கம்பிகளை நீட்டி விட்டிருந்தார். வெளிநாட்டில் இருக்கும் ஒரே மகன் குடும்பத்தோடு திரும்பி வரும்போது அந்த மாடி தயாராக இருக்க வேண்டும். விலை இறங்கியதா, வேலையைத் தொடங்கலாமா என்று கேட்கத்தான் மாதாமாதம் வருகிறார்கள்.

"நான் என்னம்மா பண்ணட்டும்? டீசல் ஏறுது, லாரி வாடகை ஏறுது. குவாரி பாதி மூடிக் கெடக்கு, ஜல்லி கிடைக்கல. இரும்பு ஏத்திட்டு வந்த கப்பல் நடுக்கடல்லயே நிக்குதாம்."

"நிக்குதா? ஏன்?"

"கரையில இடம் இல்லையாம்."

சொல்லும்போது காண்ட்ராக்டருக்கே அந்தக் கப்பல் கண்ணில் தெரிந்தது. அலையில்லாத கடலில் விளக்குகளை ஏற்றிக்கொண்டு, திரும்பிப் போக மனமில்லாமல், வரவும் வழியில்லாமல் லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

மூன்று பேருமே அந்தக் கப்பலைப் பார்த்துக்கொண்டிருப்பது போலிருந்தது. ஜன்னல் வைக்காத சுவர் வழியே வந்த வெயிலில் மணல் தூசி மிதந்து மிதந்து இறங்கியது. பக்கத்தில் யாரோ புதுச் சுவருக்குத் தண்ணீர் அடித்தார்கள். ஈர வாசனை மெல்ல வந்து சுற்றிக்கொண்டது.

அம்மாதான் முதலில் விழித்துக்கொண்டார். "அப்போ எங்க எதிர் வீட்டுக்காரர் மாடி கட்டுறாரே, அவருக்கு மட்டும் இரும்பு ஆகாசத்துலேர்ந்து விழுதா?"

"அவர் முன்னாடியே வாங்கிப் போட்டிருப்பாரும்மா."

"நல்லா அளக்குறீங்க. எங்க தலையில மிளகாய் அரைக்கப் பாக்குறீங்க. அவர் உங்களைத்தான் கூப்பிடறதா இருந்தாராம், தெரியுமா? நீங்க எங்களுக்குச் சொல்ற ரேட்டைக் கேட்டுட்டு வேற ஆளைப் பிடிச்சுட்டார்."

காண்ட்ராக்டருக்குச் சுருக்கென்றது. இந்தக் கட்டடம் முடிந்தால் அடுத்து வேலை இல்லை. கொத்தனாரும் சித்தாளும் தினமும் அவர் முகத்தைத்தான் பார்க்கிறார்கள். இத்தனைக்கும் ஒரு காலத்தில் ஏறிய கம்பி விலை இப்போது இறங்கித்தான் கிடக்கிறது. அந்தக் கப்பல்கூட வாய்க்கு வந்த பொய்தான்.

ஆனாலும் அவர் கப்பலை நடுக்கடலிலேயே விட்டுவைத்தார்.

"வாங்க, போகலாம். இவர்கிட்ட பேசி ஆகப்போறது ஒண்ணுமில்ல" என்று அம்மா விறுவிறுவென்று கேட்டை நோக்கி நடந்தார். போஸ்ட் மாஸ்டர் மெதுவாக எழுந்தார். வேட்டியில் ஒட்டிய சிமெண்ட்டைத் தட்டிக்கொண்டே குரலைத் தாழ்த்தினார்.

"ரொம்பத் திட்டிட்டா. மனசுல வெச்சுக்காதீங்க."

"பரவாயில்ல சார். ஆனா எத்தனை நாளைக்குத்தான் நான் விலையை ஏத்திக்கிட்டே போறது? மாடி வேண்டாம்னு நீங்களே சொல்லிடுங்களேன்."

"வேண்டாம்னா, ஏன்னு கேப்பாளே. பையன் இனிமே அங்கேயேதான்னு என்கிட்ட சொல்லிட்டான். அதை நான் எந்த வாயால இவகிட்ட சொல்றது?" போஸ்ட் மாஸ்டர் கேட் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டார். "மாடியில எந்த ஜன்னல் எந்தப் பக்கம் பாக்கணும்னு தினம் பேசுறா. சாயங்காலம் அந்தக் கம்பி மேல ஒரு குருவி வந்து உக்காரும். மாடிக்கு முதல்ல குடிவந்தது இதுதான்னு சிரிப்பா. இந்தச் சிரிப்பு இருக்கிற வரைக்கும் இருக்கட்டுமே. நீங்க எனக்காக ஏத்திக்கிட்டே இருங்க."

காண்ட்ராக்டர் தலையாட்டினார். வேறென்ன செய்வது?

அவர்கள் போய், பலகை அடிக்கும் சத்தம் மறுபடி தொடங்கியபோது அம்மா மட்டும் தனியாகத் திரும்பி வந்தார்.

"அவரை பஸ் ஸ்டாப்புல உக்கார வெச்சுட்டு வந்தேன். பையை மறந்துட்டேன்னு சொல்லியிருக்கேன்."

கையில் பை இருந்தது. இரண்டாவது ரவுண்டு ஆரம்பம் என்று காண்ட்ராக்டர் மனதுக்குள் இன்னொரு கப்பலைத் தயார் பண்ணிக்கொண்டார்.

"கம்பி விலை இறங்கிடுச்சுதானே தம்பி?"

"அம்மா... அது வந்து..."

"முழிக்காதீங்க. என் கூடப் பொறந்தவன் இரும்புக் கடைதான் வெச்சிருக்கான். அவன்கிட்ட கேட்டுட்டேன்."

மாட்டிக்கொண்டோம் என்று ஆகிவிட்டது காண்ட்ராக்டருக்கு. இனி மறைத்துப் பயனில்லை. போஸ்ட் மாஸ்டர் சொன்னதைச் சொல்லிவிடலாமா என்று அவர் யோசித்தார்.

"நீங்க ஏன் பொய் சொல்றீங்கன்னு நான் கேக்க வரல" என்றார் அம்மா. குரலில் இப்போது சத்தமே இல்லை. "இதையே சொல்லிட்டிருங்கன்னு சொல்லத்தான் வந்தேன். நானும் மாசாமாசம் வந்து இப்படியே கத்துறேன், கோவிச்சுக்காதீங்க. நான் கத்தினாத்தான் நம்பிக்கையா இருக்கேன்னு அவர் நெனைப்பார். பேத்தி போன்ல வாய் தவறிச் சொல்லிட்டா தம்பி, அங்கேயே வீடு வாங்கிட்டாங்களாம். அவருக்கு இது தெரியாது. தெரிஞ்சா தாங்க மாட்டார்."