கூடையில் நான்காவது

ஒரு சமையலறை அலமாரியில், டப்பாவுக்குள் மொச்சை நடுங்கிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரருக்குத் தினமும் சாப்பிட்டதும் வயிறு உப்பிக்கொண்டது. எதனால் என்று கண்டுபிடிக்க, வீட்டம்மா நாளுக்கு ஒரு பொருளாகக் குப்பைக்கூடையில் போட்டுப் பார்த்தாள். திங்களன்று உருளைக்கிழங்கு போயிற்று. செவ்வாயன்று வாழைக்காய் போயிற்று. வயிறு அடங்கவில்லை.

“நாளைக்கு உன் முறைதான், வாயுப் பயலே!” என்று சிரித்தது கோலி சோடா. செரிமானத்துக்கென்று சாப்பாட்டுக்குப் பின் அவர் குடிப்பது அதைத்தான்.

“பயப்படாதே தம்பி,” என்றது பூண்டு. “ராத்திரி முழுக்க ஊறு. ஊறின தண்ணியைக் கொட்டினதும் புதுத் தண்ணியில குழைய வேகு. நானும் பெருங்காயமும் கூட வர்றோம்.”

அப்படியே இரண்டு பிடி மொச்சை ஊறி, வெந்து, குழம்பாயிற்று. டப்பாவில் மீந்தது மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது.

“இன்னிக்கு வயிறு லேசா இருக்கே!” என்றார் வீட்டுக்காரர், கை கழுவியபடி. மொச்சைக்குப் போன உயிர் வந்தது. அவர் வழக்கம்போல் சோடாவை உடைத்துக் குடித்தார். கால் மணி நேரத்தில் வயிறு பானையாயிற்று.

“மொச்சைதான்!” என்றாள் வீட்டம்மா.

கூடைக்குள் விழுந்த மொச்சையிடம், “நாங்க வந்தப்புறமாவது அடங்குச்சா?” என்று கேட்டது வாழைக்காய்.

மறுநாள் மதியம் வெளியே சோடா உடைபடும் சத்தம் ‘டப்’பென்று கேட்டது. மூன்றும் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு நிமிடங்களை எண்ணின. பதினைந்தாவது நிமிடத்தில் கூடையின் மூடி திறந்தது.

பூண்டு தலைகுப்புற வந்து விழுந்தது.