கார்டு வேண்டாத கேமரா

"போட்டோ எடுக்க வேணாம்ங்க. கேமரா மட்டும் இருந்தா போதும்."

விற்பனைப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். கேமரா கடையில் இப்படி யாரும் கேட்டதில்லை. எதிரே நின்றவளுக்கு முப்பது வயதிருக்கும். பள்ளிச் சீருடையில் ஒரு சிறுமி அவள் கையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தாள்.

"புதுசாக் கத்துக்கறவங்களுக்கு இந்தச் சின்ன கேமரா நல்லா இருக்கும்க்கா. பட்டனை அழுத்தினா போதும், மத்ததை அதுவே பார்த்துக்கும். ஜூம்கூட..."

"ஜூம் கிடக்கட்டும். ஒருத்தர் முகத்தைப் பதிஞ்சு பேரும் போட்டு வெச்சா, அடுத்த தடவை அவங்களைப் பார்த்ததுமே பேர் காட்டுமாமே?"

"இதுல காட்டும். ஆனா அதை யாரும் சீண்டறதே இல்லக்கா."

"எனக்கு அதுதான் வேணும்."

சிறுமியைக் கவுண்டர் மேல் உட்காரவைத்து முகத்தைப் பதிந்தார்கள். 'சிட்டு' என்று செல்லப் பெயரைப் போட்டார்கள். மறுபடி கேமராவை நீட்டியதும் திரையில் அவள் முகத்தைச் சுற்றி மஞ்சள் கட்டம் விழுந்தது. கீழே பெயரும் வந்தது. அம்மாக்காரிக்குக் கண் கலங்கிவிட்டது.

இதற்கா அழுகை?

"மெமரி கார்டு போடட்டுமாக்கா?"

"கார்டு வேணாம்."

விற்பனைப் பெண்ணுக்கு மண்டை குடைந்தது. "தப்பா நினைக்காதீங்க. உங்களுக்குப் பேரெல்லாம் மறந்துபோகுமா?"

"சேச்சே! வீட்டுக்காரர் பக்கத்துச் சித்தப்பா, பெரியப்பா, அவங்க பேரன் பேத்தி வரைக்கும் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்."

"அப்ப டீச்சரா, கிளாஸ் பிள்ளைங்க பேரெல்லாம் ஞாபகம் வெச்சுக்கணுமா?"

"இல்லயே."

அதற்குள் பள்ளி விட்டு வந்த கூட்டம் கடை வாசலில் கூடிவிட்டது. உள்ளே டிவியில் கார்ட்டூன். கண்ணாடிக்கு வெளியே வரிசையாக மூக்கை அழுத்திக்கொண்டு ஒரே சீருடையில் பிள்ளைகள். சிட்டு எப்போதோ நழுவி அவர்களோடு போய் நின்றுகொண்டிருந்தாள்.

திரும்பிப் பார்த்த அம்மாவுக்கு முகம் வெளுத்தது. கேமராவைத் தூக்கி, கண்ணாடிக்கு அப்பால் இருந்த முகங்களின் மேல் மெல்ல நகர்த்தினாள்.

"அருமையான படம்க்கா, அழுத்துங்க!"

அவள் அழுத்தவில்லை. மஞ்சள் கட்டம் ஒரு முகத்தில் நின்றதும் வெளியே ஓடினாள். அந்தச் சிறுமியை வாரி இடுப்பில் வைத்துக்கொண்டு மூச்சு வாங்கத் திரும்பி வந்தாள்.

"இதையே பில் போடும்மா."

"போடறேன்க்கா. அங்கயேதானே நின்னா, எதுக்கு இப்படிப் பதறிட்டீங்க?"

அவள் மகளின் கன்னத்தைத் தடவினாள்.

"நேத்து ஸ்கூல் வாசல்ல யாரோ ஒரு குழந்தையோட கையைப் பிடிச்சு இழுத்துட்டேன், இவ பக்கத்துலயே நின்னு 'அம்மா, நான் இங்க இருக்கேன்'னு அழறா. யார் முகமும் எனக்கு மனசுல தங்காதும்மா, நான் பெத்த இவ முகம்கூட."