சுற்று வழி

ஞாயிறு காலை வெயில் அக்காவின் மேசைக்கு வந்து கணினித் திரையின் பாதியை வெளுக்க வைக்கிறது. திரைக்குள் மழை. மலைப்பாதையில் இரண்டு லாரிகள் போகின்றன. முன்னால் போவது அவளுடையது; பின்னால் வருவது வேறு நாட்டில் இருக்கும் தம்பியுடையது. ஆறு வருடமாக வாரம் தவறாமல் இந்த விளையாட்டை ஓட்டிக்கொண்டேதான் பேசுகிறார்கள். நாளை வரும் புதிய பதிப்பு அவளுடைய பழைய கிராஃபிக்ஸ் கார்டில் ஓடாது; பழைய பதிப்பில் இனி சேர்ந்து ஓட்டவும் முடியாது. "கடையில புது கார்டு கேட்டியாக்கா?" ஹெட்போனில் அவன் குரல். "கேட்டேன். விலை இறங்கும்னு போன வருஷம் சொன்னவரு, இப்ப ரெண்டு மடங்கு சொல்றாரு." "நான் வாங்கி அனுப்பட்டா?" "உனக்கே இழுத்துப் பிடிச்சு ஓடுது. சும்மா இருடா." கணினியின் விசிறி இரைகிறது. "சரி, இனிமே ஃபோன்ல பேசிக்கலாம்," என்கிறான். "ம்" என்கிறாள். ஃபோனில் 'சாப்பிட்டியா'வைத் தாண்டி அவர்களுக்குப் பேச்சு வந்ததே இல்லை. அப்பா போனதற்கு இருவரும் அழுததுகூட இந்த லாரிகளை ஓட்டிக்கொண்டுதான். சரக்கு இறக்க வேண்டிய ஊரின் விளக்குகள் தெரிகின்றன. அக்கா வண்டியை இடப்பக்கம் திருப்புகிறாள். "அக்கா, நேரா போகணும்." "தெரியும். சுத்திப் போலாம் வா." அவனுடைய லாரியும் இடப்பக்கம் திரும்புகிறது.