மரங்கொத்தி காட்டிய மாதிரி

காட்டு ஆபீஸ் யானையின் பிளிறல்தான் முதலில் கேட்டது. பின்னாலேயே அணில் ஓடிவந்தது.

"மரங்கொத்தி அண்ணே! கிளிகளுக்குப் பொந்து போட காட்டு ஆபீஸ் டெண்டர் விட்டிருக்கு! மழைக்காலம் பூரா வேலை!"

மரங்கொத்திக்கு இருப்புக்கொள்ளவில்லை. குஞ்சுகளின் மழைக்காலப் பாடு தீர்ந்ததே! விலையை இலையில் எழுதி மடித்து, ஆபீஸுக்குப் பறந்துபோய், சீல் வைத்த டெண்டர் மரப்பெட்டிக்குள் போட்டது.

"வேலைக்கு மாதிரி காட்டணுமாம்," என்றது பின்னாலேயே வந்த அணில்.

"இதோ, இப்பவே!"

கைக்கெட்டிய மரம் அந்தப் பெட்டிதான். ஒரே மூச்சில் அழகான வட்டப் பொந்து. அது வழியே எல்லாருடைய விலையும் வெளியே கொட்டியது.

யானை அதிகாரி பொந்தைத் தடவிப் பார்த்தார். "அடடா, என்ன நேர்த்தி! ஆனா பெட்டி திறந்துபோச்சேப்பா. டெண்டர் ரத்து."

"மறுபடி எப்போங்கய்யா?"

"முதல்ல புதுப் பெட்டிக்கு டெண்டர் விடணும்."

மரங்கொத்தி கூட்டுக்குப் பக்கத்துக் கிளையில் உட்கார்ந்து, குஞ்சுகளுக்கு எறும்பு பொறுக்கத் தொடங்கியது.