மூன்று பூச்சு வார்னிஷ்

மனைவியின் ஆறு மர அம்புகளும் பளபளவென்று மின்னுவதைப் பார்த்ததும் அவற்றை அள்ளிக்கொண்டு மாமனாரிடம் ஓடினான் அவன். வில்வித்தைப் போட்டியின் இறுதிச் சுற்றுக்கு இன்னும் இரண்டு மணி நேரம்தான் இருந்தது. அவள் குளித்துக்கொண்டிருந்தாள்.

"மாமா, இதுக்கும் வார்னிஷ் அடிச்சிட்டீங்களா?"

"சத்தியமா செருப்பு ஸ்டாண்டுக்கு மட்டும்தான் அடிச்சேன், மாப்பிள்ளை" என்றார் மாமனார். கதவு, நாற்காலி, கைத்தடி என்று எதையும் விட்டுவைக்காதவர் அவர். அவன் நம்பவில்லை.

"பூச்சு தடிச்சா அம்பு விறைச்சிடும் மாமா. வளைஞ்சு கொடுக்காம இடது பக்கமா ஓடிடும். அவ என்னைத்தான் கொன்னு போடுவா!"

உப்புத்தாளை எடுத்து உட்கார்ந்தான். ஆறாவது அம்பைத் தேய்த்து முடிக்கும்போது குளியலறைக் கதவு திறந்தது.

"என்ன பண்றீங்க?"

"பயப்படாதே. உங்கப்பா அடிச்ச வார்னிஷை எல்லாம் எடுத்துட்டேன்."

தலை துவட்டிய கை அப்படியே நின்றது. "அடிச்சது நான்! அம்பு ரொம்ப வளைஞ்சு வலது பக்கமா போகுதேன்னு, மூணு நாளா ஒவ்வொரு பூச்சா அடிச்சு சரி பண்ணி வெச்சிருந்தேன்."

"ஐயோ, நல்லதுன்னு நினைச்சுதான்மா தேய்ச்சேன்..."

"நான் நம்பறேன். ஆனா இன்னிக்கு ஃபைனல்ல எனக்கு எதிரா நிக்கப்போறதே நீங்கதான். வேற எவன் நம்புவான்?"

மாமனார் மெல்ல வார்னிஷ் டப்பாவின் மூடியைத் திறந்தார்.

"உங்க அம்பைக் கொண்டாங்க, மாப்பிள்ளை. அதுவும் இடது பக்கமா ஓடட்டும்."